சில்லறை அந்தாதி

என் கைப்பேசிக்கு என்னுடைய கடந்த காலத்தின் மேல் அப்படியொரு அக்கறை. காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ‘நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்’ என்று ஒரு படத்தைக் காட்டி, பின்னணியில் பியானோவும் வாசித்துவிடும். போன வாரம் காட்டியது எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வு. பிளம்பருக்கு அனுப்புவதற்காக மூன்று பக்கத்திலிருந்து எடுத்தது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கரைய, பியானோ உருக, கடைசியில் சிவப்பாக ஒரு இதயம் வந்து துடித்தது. வால்வை நினைத்து நான் கண்கலங்க வேண்டும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள்.

கண்கலங்காதது போகட்டும், இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்ததே கிடையாது. வால்வு வால்வாகவே நின்றுவிடுகிறது. மகளின் கல்யாண ஆல்பமும் அப்படித்தான். ஆட்டுக்கல் கனம்; மடியில் வைத்துப் பார்த்து முடிப்பதற்குள் கால் மரத்துப்போகும். பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மூன்றாம் பந்தியில் ரசம் தீர்ந்துபோய்ச் சம்பந்தி வீட்டார் முகம் போன போக்கு அந்த ஆல்பத்துக்குத் தெரியாது. ஆனால் தெருமுனைக் கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கிடைத்த இரண்டு மிட்டாய், வாங்கிய அந்த நிமிஷமே என்னைப் பிடரியில் கைவைத்து ஐம்பது வருஷம் பின்னால் தள்ளிவிட்டது.

கடை அண்ணாச்சியுடையது. இப்போது கல்லாவில் மகன். பி.இ. படித்தவர். அண்ணாச்சி என்னைத் ‘தம்பி’ என்பார், மகன் ‘அங்கிள்’ என்கிறார். ஒரே கடை வாசலில் நின்றபடியே எனக்கு வயதாகிவிட்டது. 2016-ல் யுபிஐ வந்தது. அதன் பின்னாலேயே கல்லாவுக்கு மேல் ஒரு குட்டி ஒலிபெருக்கியும் வந்து உட்கார்ந்தது. காசு போய்ச் சேர்ந்ததும், “நாற்பத்தெட்டு ரூபாய் பெறப்பட்டது” என்று ஒரு பெண்குரல், யார் வீட்டிலும் யாரும் பேசாத சுத்தத் தமிழில், தெருவுக்கே அறிவிக்கும். அன்று நெட் இல்லை. அம்மணி மௌனம். ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். கல்லாவைத் துழாவிப் பார்த்துவிட்டு, “ரெண்டு ரூபா இல்ல அங்கிள், இத வச்சுக்கங்க” என்று இரண்டு மிட்டாயை நீட்டினார்.

‘சில்லறை இல்லை’ என்பதை இந்த நாட்டில் பஸ் கண்டக்டர்களைப் போல அழுத்தம் திருத்தமாக யாரும் சொன்னதில்லை. எழுபதுகளின் மதுரை டவுன் பஸ்தான் மிட்டாய்த் தாளுக்குள்ளிருந்து முதலில் வந்தது. அப்போது பஸ்களுக்கெல்லாம் அரசர் பெயர்: சேரன், சோழன், பாண்டியன், பல்லவன், கட்டபொம்மன். 1997-ல் அரசர்கள் எல்லாரும் ஒரே உத்தரவில் இறங்கிக்கொண்டார்கள். டிரைவர் தலைக்கு மேலிருந்த திருவள்ளுவர் மட்டும் இறங்கவில்லை. கண்டக்டருக்கு ஒரு கால் படியில், வாயில் விசில், தோளில் தோல்பை, இடக்கையில் நிறம் நிறமாக டிக்கெட் கட்டு. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒன்றைக் கிழிப்பார். முழு நோட்டை நீட்டினால், நம் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட்டைத் திருப்பி, காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து, அதன் முதுகில் மீதித் தொகையை எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் நீந்தி வாசலுக்கு வருவதற்குள் ஸ்டாப் வந்துவிடும், விசிலும் ஊதிவிடும். பஸ் கிளப்பிய புழுதி அடங்கிய பிறகுதான் கையிலிருக்கும் டிக்கெட்டின் முதுகு கண்ணில் படும். அப்படி விட்டுப்போன பாக்கியை எல்லாம் வசூலித்திருந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு கிணறு வெட்டியிருக்கலாம்.

வசூலாகாத டிக்கெட்டும் வீண்போகாது. சுருட்டிக் காது குடையலாம். பையன்கள் பொறுக்கிச் சேர்த்துக் கண்டக்டர் விளையாட்டு விளையாடலாம். இப்போதைய மெஷின் டிக்கெட்டில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் தாள். சட்டைப்பையில் ஒரு கோடையைக் கழித்தால் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. எங்கிருந்து எங்கே போனோம், எவ்வளவு கொடுத்தோம், எல்லாம் போய்விடும். காது குடையவும் வழுக்குகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால், கண்டக்டர்கள் பாக்கி வைக்கும் ஜனத்தொகையும் ஒரேயடியாகப் பாதியாகிவிட்டது.

முதுகில் எழுதுவது தனியாளுக்கான ஏற்பாடு. கூட்டம் நெரியும்போது கண்டக்டரிடம் வேறொரு வழி உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளை நீட்டி, “ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். தாலி எடுத்துக் கொடுக்காத குறைதான். அந்த நிமிஷத்திலிருந்து இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் கண்ணை எடுக்க முடியாது. நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் நழுவிவிடுவாரோ என்று மற்றவருக்குப் பயம். தன்னைத் திருடன் என்று நினைக்கிறானே என்று நோட்டுக்காரருக்கு ரோஷம். இவர் ஸ்டாப்பில் அவரோ, அவர் ஸ்டாப்பில் இவரோ இறங்கியே ஆக வேண்டும்.

எங்கள் சித்தப்பா அப்படித்தான் இறங்கினார். சிம்மக்கல்லில் ஏறிய அவரையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரையும் ஒரு ஐந்து ரூபாய்த் தாள் பழங்காநத்தத்தில் இறக்கிவிட்டது. சித்தப்பா போக வேண்டியது திருப்பரங்குன்றம். பெட்டிக்கடையில் சும்மா சில்லறை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடைக்குப் போனார்கள். டீ குடித்தால்தான் நோட்டு மாறும். டீயோடு வடை. வடையோடு பேச்சு. எந்த ஊர், யார் வீடு, என்ன வேலை என்று பேச்சு சுற்றி வந்ததில், மீசைக்காரருக்குக் கல்யாண வயதில் ஒரு கொழுந்தியாள் இருப்பது தெரியவந்தது. 1974 வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். கண்டக்டரிடம் மட்டும் அன்று சில்லறை இருந்திருந்தால் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்காக இருந்தால் இருவரும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, தனித்தனியாக இறங்கி, தனித்தனியாக மேட்ரிமோனிக்குப் பணம் கட்டியிருப்பார்கள்.

திருக்கடையூர் அபிராமி பட்டர் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கி நூறு பாட்டையும் கோத்தார். நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்தாதிக்கு அது இலக்கணம். என் தலைக்குள் நடப்பதற்கு அந்த இலக்கணமெல்லாம் எட்டாது. மிட்டாயைப் பிடித்துக் கண்டக்டர், கண்டக்டரைப் பிடித்துச் சித்தப்பா, சரி. சித்தப்பா கல்யாணம் என்றால் அடுத்து மணமேடைதானே வரவேண்டும்? வந்தது மண்ணெண்ணெய் வாடை.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பெட்ரோமாக்ஸ் பிடித்திருந்தார்கள். சோழவந்தான் பக்கத்துக் கிராமம். கரண்ட் இருந்தது, ஆனால் தெருவிளக்கை நம்பி மாப்பிள்ளையை அழைக்க முடியாது. ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, பம்ப் அடிக்க அடிக்க, மேன்டில் முதலில் புகைந்து, பிறகு ‘புஸ்’ஸென்று சீறி, வெள்ளையாகப் பூக்கும். ஆறு பேர் தலையில் சும்மாடு வைத்து ஆளுக்கொன்றாகச் சுமந்துகொண்டு ஊர்வலத்துக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள். அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் தெரிந்தது, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் தெரிந்தது, திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவியின் பாம்படம் தெரிந்தது. விளக்கைச் சுமந்தவர் முகம் மட்டும் தெரியவில்லை. விளக்கின் அடித்தொட்டி நிழல் சரியாக அவர்கள் முகத்தில்தான் விழும். கல்யாணத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன, ஒன்றிலும் அவர்கள் இல்லை. அப்பாவின் செலவுக் கணக்கில் ‘லைட் வாடகை’ ஒரு வரி, ‘லைட் தூக்கிய ஆட்கள் கூலி’ இன்னொரு வரி. இரண்டாவது தொகையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் காலத்துக் கல்யாணங்களில் தலைக்கு மேலே டிரோன் பறக்கிறது. அதை ஓட்டுகிற பையனின் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. அவன் மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நிற்கிறான்.

ஊர்வலம் முடிந்ததும் ஒரு பெட்ரோமாக்ஸ் நேராக மொய் மேஜைக்குப் போனது. அதற்குப் பின்னாலேயே நானும் போய்விட்டேன். மணமேடை எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

மொய் எழுதியவர் ஊர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். முத்து முத்தான கையெழுத்து. பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பிள்ளையார் சுழி. பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஊர் கேட்க வாசிப்பார்: “வாடிப்பட்டி மளிகைக்கடை மாமா, பதினொன்று!” அண்ணாச்சி கடையில் ‘பெறப்பட்டது’ என்று கூவுகிற அம்மணிக்கு மூதாதை அவர்தான். அவரிடம் நெட் போகாது, தொண்டைதான் போகும்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. காலிகோ ஒட்டிய நீள நோட்டு. சித்தப்பா கல்யாணத்தில் தொடங்கி என் தங்கையின் சடங்கு வரை. எங்கள் குடும்பத்துக்கு வேறு சரித்திரம் கிடையாது. ‘எவர்சில்வர் சம்படம் 1.’ ‘தாய்மாமன், கைக்கடிகாரம்.’ ‘ரூ. 2, பெயர் சொல்ல மாட்டேன் என்றார்.’ திருப்பிச் செய்த மொய்க்கெல்லாம் அப்பா சிவப்பு மையில் டிக் அடித்திருக்கிறார். பெயர் சொல்லாத இரண்டு ரூபாய்க்கு எப்படித் திருப்பிச் செய்வது என்று அவர் கடைசிவரை கவலைப்பட்டார்.

அதே பக்கத்தில், கீழே, சின்ன அப்பத்தாவின் வரி. இதற்குக் கொஞ்சம் நாணயச் சரித்திரம் தேவைப்படுகிறது. 1968-ல் மத்திய அரசு மஞ்சள் நிறத்தில் ஓர் இருபது பைசா விட்டது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் தாமரை. 1971-ஓடு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தது பெரும்பகுதி செம்பு. ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்த எங்கள் பக்கத்துப் பெண்கள் அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று முடிவுகட்டி, கையில் கிடைத்ததை எல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். நூற்றெட்டு சேர்த்து லட்சுமி பூஜை செய்தவர்கள் உண்டு. சின்ன அப்பத்தா தன் சேமிப்பிலிருந்து பதினொரு தாமரைக் காசை எண்ணித் தாம்பாளத்தில் வைத்தாள். வாத்தியார் கணக்குப் புலி. பதினொன்றை இருபதால் பெருக்கினார். குழாய் ஸ்பீக்கர் அலறியது: “சின்ன அப்பத்தா, ரெண்டு ரூபா இருபது காசு!”

பந்தியில் உட்கார்ந்திருந்தவள் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். “பவுனு குடுத்தேன்டா, செல்லாக்காசா வாசிக்கிறான் வாத்தியான்” என்று நேராகப் போய் மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டாள். மாடு பூட்டவில்லை என்பதுகூட அவளுக்குப் பொருட்டில்லை. அப்பா வண்டிக்கும் மொய் மேஜைக்கும் நடையாய் நடந்தார். வாத்தியாரோ கணக்கைத் திருத்த மறுத்துவிட்டார், பெருக்கல் பெருக்கல்தான். கடைசியில் எப்படியோ சமாதானம் ஆனது. நோட்டில் அந்த வரியை இன்றும் பார்க்கலாம். ‘ரூ. 2.20’ என்பது ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அதே முத்துக் கையெழுத்து: ‘தாமரைக் காசு 11. மதிப்பு: அவர்கள் சொல்வது போல்.’

இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பதினொரு காசுக்கு இப்போது மதிப்பே இல்லை. பூஜைச் சாமான் கடையில் கேட்டால் ஒரு காசுக்கே நூறு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். வாத்தியாரின் பெருக்கலும் போய், அரசாங்கத்தின் சட்டமும் போய், சின்ன அப்பத்தா சொன்ன மதிப்புதான் நின்றிருக்கிறது. இந்த இடத்தில் ஐம்பது காசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது இன்னும் சட்டப்படி செல்லுபடியாகும். கடையில் நீட்டிப் பாருங்கள், மிட்டாய்கூடக் கிடைக்காது.

மொய்யும் மாறிவிட்டது. மதுரைப் பக்கத்தில் இன்று லேப்டாப்பும் பிரிண்டரும் மைக்கும் சகிதம் வந்து உட்கார்ந்து, மொய் வைத்த கையோடு ரசீது கொடுத்துவிடுகிறார்கள். ஊர் வாரியாக, பெயர் வாரியாகப் பட்டியலும் உண்டு. 2021-ல் மதுரைக் கல்யாணம் ஒன்றில் பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மென்பொருளிலும் ‘மதிப்பு: அவர்கள் சொல்வது போல்’ என்று ஒரு கட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. ‘பெயர் சொல்ல மாட்டேன் என்றார்’ என்றால் அது அடுத்த பக்கத்துக்கே போகாது.

உ.வே.சாமிநாதையர் 1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. எழுபது வருஷத்துக்கு முன் எந்த ஊருக்கு நடந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார், அன்று என்ன பாடம் கேட்டார் என்று வாரா வாரம் வந்துகொண்டே இருந்தது. 1942-ல் அவர் காலமானபோது தொடர் பாதியில் நின்றது. காலையில் எழுந்ததும் அவருக்கு யாரும் வால்வைக் காட்டிப் பியானோ வாசித்ததில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, அந்த மூளையும் இல்லை. அதனால் இதை எல்லாம் எழுதுவதற்கு முன் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று போன் செய்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். திருநகரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

“அஞ்சு ரூபா இல்லடா, ரெண்டு ரூபா” என்றார் எடுத்த எடுப்பிலேயே. “பஸ்ஸுன்னு யாரு சொன்னா? தங்கம் தியேட்டர் டிக்கெட் கவுண்ட்டர். எனக்கும் அவருக்கும் சேத்து ஒரு ரெண்டு ரூபாயக் குடுத்துட்டான்.”

“பழங்காநத்தம் டீக்கடை?”

“அது உங்க அப்பா கதைடா. அவரு வேற யாரோடயோ இறங்கியிருப்பாரு. மீசைக்காரரா? அவருக்கு மீசையே கெடையாதேடா தம்பி. அது கெடக்கட்டும், தங்கம் தியேட்டருன்னதும் ஞாபகம் வருது, உங்க அப்பா ஒரு தடவ இடைவேளையில வெளிய போனவரு…” என்று ஆரம்பித்தார். அதில் சைக்கிள் ஒன்று தொலைந்தது, போலீஸ்காரர் ஒருவர் வந்தார், முறுக்கு விற்கிற கிழவி ஒருத்தி சாட்சி சொன்னாள். அப்பாவைப் பற்றி இது எதுவுமே எனக்கு அதுவரை தெரியாது. சைக்கிள் கிடைத்ததா என்று கேட்பதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டாள்.

“இவரு சொல்றத நம்பாத. பஸ்ஸும் இல்ல, தியேட்டரும் இல்ல. ரேஷன் கடை வரிசையில நின்னு சீனிக்குச் சண்ட போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. எங்க மச்சான் அதப் பாத்துட்டுத்தான் வீட்டுல வந்து சொன்னாரு, ‘இந்தப் பையன் பொண்டாட்டியப் பட்டினி போடமாட்டான்’னு.”

பின்னால் சித்தப்பா ஏதோ மறுத்துச் சொல்வது கேட்டது. சித்தி அதைக் காதில் வாங்கவில்லை.

“சரி, அந்த மொய் நோட்டு ஒங்கிட்டதான இருக்கு? ஒந் தங்கச்சி சடங்குக்கு எங்க அண்ணன் நூத்தியொண்ணு எழுதுனாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் காலத்து நூத்தியொண்ணு. ஒங்க அப்பா திருப்பிச் செஞ்சாரான்னு பாத்துச் சொல்லு.”

பக்கங்களைப் புரட்டினேன். சித்தியின் அண்ணன் இருந்தார், ஊர் இருந்தது, நூற்றியொன்று இருந்தது. சிவப்பு டிக் இல்லை.

“செஞ்சாச்சு சித்தி” என்றேன்.

“எந்த விசேஷத்துல?”